வீட்டைப் பார்த்துப் பயிற்சி: பெருமூளை வாதம் உள்ள பிள்ளையின் குடும்பத்துக்கு

என் அக்காவின் மகனுக்கு அப்போது மூன்றரை வயது. கிளினிக் நடையில் வோக்கரைப் பிடித்துக்கொண்டு பத்தடி நடந்துவிட்டான். மாபிள் பதித்த வழுவழுப்பான தரை, இரண்டு பக்கமும் ஆட்கள், கடைசியில் கைதட்டு வேறு. பிசியோ மிஸ்ஸுக்கு ஒரே சந்தோஷம். "வீட்டிலயும் இப்பிடித்தானே நடக்கிறார்?" என்று கேட்டார். அக்கா "ஓம் மிஸ்" என்றாள். பக்கத்தில் நின்ற நானும் தலையாட்டினேன்.

உண்மையில் அந்த வோக்கர் எங்கள் அறை மூலையில் கிடந்தது. அதில் உடுப்புக் காயப்போடுவோம். வளவு முழுக்க மணல், வெளியே எடுத்தால் சில்லு இரண்டடி போவதற்குள் புதைந்துவிடும். அந்த ஒரு "ஓம் மிஸ்"ஸால் எங்களுக்கு ஒரு வருடம் போனது. அதற்குப் பிறகு தந்த பயிற்சி எல்லாம் வீட்டில் வோக்கரில் நடமாடுகிற பிள்ளைக்கான பயிற்சி. எங்கள் வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருக்கவில்லை.

இன்று அவனுக்குப் பதினொரு வயது. நான் அவனுடைய சின்னம்மா. வைத்தியரும் இல்லை, பிசியோவும் இல்லை. இலங்கையின் கிழக்குக் கரையில், வாழைச்சேனை தொடங்கி அக்கரைப்பற்று வரை, மட்டக்களப்பு வாவிக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ, "உங்கட பிள்ளைக்கு சீ.பி." (பெருமூளை வாதத்தின் ஆங்கிலச் சுருக்கம்) என்று இப்போதுதான் கேள்விப்பட்டு கிளினிக் டிக்கட்டோடு நிற்கிற குடும்பங்களுக்காக எழுதுகிறேன். கிளினிக்கில் சொல்வதற்கு மாற்றாக இதை எடுக்க வேண்டாம். கிளினிக்கில் கேட்க நேரமில்லாத கேள்விகளுக்காக எடுத்துக்கொள்ளுங்கள்.

1. எது மாறாது, எது மாறும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

வளர்ந்துகொண்டிருக்கும் மூளையில் பிறக்குமுன்போ, பிறக்கும்போதோ, பிறந்த முதல் சில வருடங்களிலோ ஒரு பாதிப்பு ஏற்பட்டு, அதனால் அசைவதும் உடம்பை நிமிர்த்திப் பிடிப்பதும் கஷ்டமாகிற நிலைதான் பெருமூளை வாதம். குறைமாதத்தில் பிறப்பது, பிறக்கும்போது ஒட்சிசன் குறைவது, முற்றிப்போன மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சல் என்று காரணங்கள் பல. நிறையப் பிள்ளைகளுக்கு இதுதான் காரணம் என்று ஒன்றைக் காட்டவே முடிவதில்லை. கிரகணம் பார்த்தது, கண்ணூறு பட்டது, தாய் அன்னாசி சாப்பிட்டது எல்லாம் அந்தப் பட்டியலில் இல்லை. இதை வீட்டில் ஒருமுறை எல்லாரும் கேட்கச் சத்தமாகச் சொல்லுங்கள். தாயைக் குற்றம் சொல்லிக்கொண்டிருக்கிற வீட்டில் பயிற்சி ஒழுங்காக நடந்து நான் பார்த்ததில்லை.

மூளையில் பட்ட பாதிப்பு பிறகு அதிகமாகாது. ஆனால் பிள்ளை வளரும். எலும்பு நீளுகிற வேகத்துக்கு இறுகிய தசை நீளாது. அதனால்தான் இரண்டு வயதில் லேசாக மடிந்த கால், கவனிக்காமல் விட்டால் எட்டு வயதில் நீட்டவே முடியாமல் போகிறது.

அசைவுத் திறனை ஐந்து நிலையாகப் பிரிக்கிற ஒரு முறை இருக்கிறது. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1997 இல் உருவானது. கிளினிக்கில் ஜீ.எம்.எஃப்.சி.எஸ். என்பார்கள். முதலாம் நிலைப் பிள்ளை தானாக நடக்கும், ஓடுவதிலும் பாய்வதிலும்தான் குறை தெரியும். இரண்டாம் நிலைப் பிள்ளையும் நடக்கும், ஆனால் தூரமும் படியும் மேடுபள்ளமும் கஷ்டம். மூன்றாம் நிலைக்கு வோக்கரோ ஊன்றுகோலோ வேண்டும். நான்காம் நிலைக்குப் பெரும்பாலும் சக்கர நாற்காலி. ஐந்தாம் நிலையில் தலையை நிமிர்த்திப் பிடிப்பதே பெரும்பாடு. உங்கள் பிள்ளை எத்தனையாவது நிலை என்று கேட்டுக் கொப்பியில் எழுதுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம். எங்களுக்கு அந்த இலக்கம் நான்கு வருடம் தெரியாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

2002 இல் கனடாவிலிருந்து ஒரு ஆய்வு வந்தது. 657 பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்தவர்கள், பிள்ளை தன் அசைவுத் திறனின் பத்தில் ஒன்பது பங்கை எந்த வயதில் எட்டுகிறது என்று கணக்கிட்டார்கள். முதலாம் நிலையில் கிட்டத்தட்ட ஐந்து வயது, ஐந்தாம் நிலையில் மூன்று வயதுக்கும் முன்னால். இதைக் கேட்டதும் வயிற்றைக் கலக்கும்: "அப்ப அஞ்சு வயசுக்குப் பிறகு ஒண்டும் இல்லையா?" அப்படியில்லை. அந்தக் கணக்கு பயிற்சிப் பாயில் வைத்து, பிள்ளையால் ஆகக்கூடியது எவ்வளவு என்று பார்த்தது. அந்தத் திறனில் எவ்வளவை வீட்டில், மணலில், கக்கூசுக்குப் போகும்போது பாவிக்கிறது என்பது வேறு கணக்கு. இரண்டுக்கும் நடுவில்தான் நம் வீடு நிற்கிறது: எத்தனை கை, எவ்வளவு காசு, எந்தத் தரை, யாருக்குத் தூக்கம். பாதிப்பு எவ்வளவு என்பதை வீடு தீர்மானிப்பதில்லை. மிச்சத்தில் நிறையவற்றை அதுதான் தீர்மானிக்கிறது.

2. ஒரு நாளைக் கொப்பியில் எழுதுங்கள்

பயிற்சி தொடங்குமுன் இதைச் செய்யுங்கள். இதற்குச் செலவு ஒரு சி.ஆர். கொப்பிதான். சாதாரண வேலைநாள் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை ஒன்று என இரண்டு நாள் எடுங்கள். காலை எழும்பியதிலிருந்து படுக்கும்வரை, அரை மணிக்கு ஒருமுறை மூன்றே விஷயம் எழுதுங்கள்: பிள்ளை எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறது (படுத்தா, சாய்ந்தா, இருந்தா, நின்றா), அங்கே எப்படி வந்தது. கடைசிக் கேள்விதான் முக்கியம். யாராவது தூக்கி வந்தால் அவர் பெயரையும் போடுங்கள்.

எங்கள் வீட்டில் எழுதியபோது வந்த விடையைப் பார்த்து அக்கா அழுதாள். காலை ஆறு மணியிலிருந்து இரவு எட்டு வரை, பதினான்கு மணி நேரத்தில், அவன் தன் சொந்த முயற்சியில் அசைந்தது 22 நிமிடம். 31 முறை தூக்கியிருக்கிறோம். ஆறு பேர் தூக்கியிருக்கிறோம்.

அன்பில்லாமல் யாரும் தூக்கவில்லை. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து வழக்கம் தெரியும்தானே, தமிழராக இருந்தாலும் முஸ்லிமாக இருந்தாலும் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளை வந்து சேருவார். அதனால் ஒரு வளவுக்குள்ளேயே அம்மம்மா வீடு, பெரியம்மா வீடு, அக்கா வீடு, என் வீடு. பிள்ளை சிணுங்கினால் நாலு வீட்டிலிருந்தும் ஆள் வரும். வேறு ஊர்களில் தாய் தனியாகத் தவிக்கிறாள் என்று வாசிக்கும்போது எங்கள் வளவை நினைத்துப் பெருமைப்பட்டிருக்கிறேன். கொப்பி அந்தப் பெருமையைக் கொஞ்சம் குறைத்தது. "பாவம் புள்ள, நடக்கவச்சி வருத்தாத கா" என்று அம்மம்மா சொல்லச் சொல்ல, அவன் எதற்கும் கை நீட்டினாலே போதும் என்று பழகிவிட்டான்.

இதற்கு எதிர்ப்பக்கமும் பார்த்திருக்கிறேன். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு வீடு. தகப்பன் வயலுக்குப் போய்விடுவார், தாய் வீட்டு வாசலில் சின்னக் கடை வைத்திருக்கிறாள். தூக்க ஆளில்லை. எங்கள் பையனைவிட இறுக்கம் கூடிய மகள், தண்ணீர் வேண்டுமென்றால் தானே அரைந்து அரைந்து குசினிக்குப் போவாள். துணிச்சல் என்றால் அப்படி ஒரு துணிச்சல். ஆனால் முழங்கால் இரண்டும் புண், எப்போதும் ஒரே பக்கம் சரிந்து அரைந்ததில் உடம்பும் ஒரு பக்கம் கோணத் தொடங்கியிருந்தது. ஆகவே "கை நிறைய இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் கெட்டது" என்று எழுதிவிட முடியாது. நிறையக் கை இருக்கிற வீட்டுக்குச் சில கைகளைக் கட்டிவைக்கப் பழக வேண்டும். கை இல்லாத வீட்டுக்கு ஒரு பாய், ஒரு முழங்கால் உறை, நாளுக்கு இரண்டு தரம் நேராக இருத்திவைக்க ஒரு ஆள். உங்கள் வீடு எது என்று கொப்பி சொல்லிவிடும்.

3. கைகளைக் கணக்கெடுத்து வேலையைப் பிரியுங்கள்

"எல்லாரும் பயிற்சி செய்வோம்" என்று முடிவெடுத்தால் ஒருவரும் செய்யமாட்டார்கள். ஆளுக்கு ஒரே ஒரு வேலை கொடுங்கள். அது அவர் ஏற்கெனவே வீட்டில் இருக்கிற நேரத்தோடு பொருந்த வேண்டும். கடலுக்குப் போகிற தகப்பன் விடியப் புறம் திரும்பித் தூங்குவார். அவரிடம் காலை வேலையைக் கொடுத்தால் மூன்றாம் நாள் சண்டை. அவருக்குப் பின்னேரம். விதைப்பும் அறுவடையும் வந்தால் வயல்காரர் வீட்டில் கணக்கே மாறும், அந்த வாரங்களுக்கு முன்கூட்டியே வேறு ஆளை வையுங்கள்.

எங்கள் வீட்டில் இப்படிப் பிரித்தோம். அத்தான் காலையில் ஸ்பிளின்ட் (காலைச் சரியான நிலையில் பிடித்துவைக்கிற உறை) போட்டுவிடுவார், அவ்வளவுதான். அம்மம்மாவுக்குச் சாப்பாடு, ஆனால் பாயில் படுக்கவைத்து அல்ல, கதிரையில் நிமிர்த்தி இருத்தி. எனக்குக் குளிப்பு. அண்ணன்காரனுக்கு விளையாட்டு. அவனாகவே தம்பியை முழங்காலில் நிற்கவைத்து கோல்கீப்பர் ஆக்கினான். முழங்காலில் நிற்பது இடுப்புக்கு எவ்வளவு பெரிய பயிற்சி என்று பிசியோ பிறகு சொன்னார், அவனுக்கு அது தெரியாது, பந்து தடுக்க ஆள் வேண்டியிருந்தது.

அக்காமாரைப் பற்றி ஒரு சொல். ஒன்பது, பத்து வயதுப் பெண்பிள்ளை வீட்டில் இருந்தால் சத்தமில்லாமல் அவள் இரண்டாம் தாயாகிவிடுவாள். டியூசன் நிற்கும், பிறகு பள்ளி நாளும் குறையும். அவளுக்கும் ஒரு வேலைதான், அதற்கு மேல் வேண்டாம்.

தாய் வெளிநாடு போயிருக்கிற வீடுகள் நம் பக்கம் நிறைய. அம்மம்மாதான் எல்லாம். அறுபது தாண்டிய முதுகால் பதினெட்டுக் கிலோவைத் தூக்க ஏலாது. அதனால் பிள்ளை நாள் முழுக்கப் பாயிலேயே கிடக்கிறது, கை நிறையக் காசு வந்தாலும். இந்த வீட்டில் முதல் செலவு வெளியூர் வைத்தியமாக இருக்கக் கூடாது. பின்னேரத்தில் இரண்டு மணி நேரம் வந்து பிள்ளையை எழுப்பி, இருத்தி, நிற்கவைக்க அயலில் ஒரு ஆளுக்குக் கொடுக்கிற சம்பளமாக இருக்கட்டும். வெளிநாட்டில் இருக்கிற தாயும் வீடியோ கோலில் அந்த நேரத்துக்கே வரலாம். பிள்ளை நிற்பதற்கு அதைவிட நல்ல காரணம் கிடையாது.

4. பயிற்சியை வீட்டு வேலைக்குள் ஒளித்துவையுங்கள்

தாளில் பன்னிரண்டு பயிற்சி தந்தால் அதை அப்படியே பன்னிரண்டு முறை மடித்துச் சட்டைப் பையில் வைக்கிற குடும்பங்களைத்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன். நாங்களும் அதில் ஒன்று. வீட்டிலே தனியாகப் "பயிற்சி நேரம்" என்று ஒன்று நிலைப்பது கஷ்டம். குளிப்பு நிலைக்கும், சாப்பாடு நிலைக்கும், உடுப்பு மாற்றுவது நிலைக்கும். அதற்குள்ளே வையுங்கள்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. நாம் பிள்ளையின் காலைப் பிடித்து நீட்டி மடக்குவதால் மட்டும் அது நடக்கப் பழகாது. தனக்கு வேண்டிய ஒன்றுக்காகத் தானே முயன்று, பிழைத்து, திரும்ப முயலும்போதுதான் மூளை பழகுகிறது. ஆகவே பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று பாருங்கள். எங்கள் பையனுக்குக் கோழிக் குஞ்சு. கோழிக்கூடு முற்றத்தின் மறுபக்கம். பயிற்சித் தாளில் கோழிக்கூடு இல்லை, ஆனால் அவனை முதலில் நடக்கவைத்தது அதுதான்.

இருந்து எழும்புவதை மட்டும் கிட்டத்தில் வைத்துச் சொல்கிறேன், ஏனென்றால் நாளுக்கு இருபது தரம் வருவது இதுதான். பிள்ளையின் முழங்கால் உயரத்துக்கு ஒரு பலகை அல்லது கட்டை எடுங்கள். அதன் விளிம்பில் இருத்துங்கள். இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் பட வேண்டும், குதி தூக்கக் கூடாது, பாதம் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால். நீங்கள் முன்னால் பிள்ளையைவிடத் தாழ்வாகக் குந்துங்கள். கக்கத்தில் பிடித்து மேலே இழுக்க வேண்டாம், அப்படி இழுத்தால் பிள்ளை பின்பக்கம் விறைக்கும். இடுப்பின் இரண்டு பக்கமும் கை வையுங்கள். கோழிக் குஞ்சையோ பிஸ்கட்டையோ எட்டாத் தூரத்தில், முன்னால், சற்றுத் தாழ்வாகக் காட்டுங்கள். பிள்ளை அதை எட்டக் குனியும். மூக்கு கால்விரலைத் தாண்டி முன்னால் வரும்போது பாரம் பாதத்துக்கு இறங்கும், அப்போது பின்பக்கம் தானாகப் பலகையை விட்டு எழும்பும். இனி உங்கள் வேலை ஒன்றுதான்: பொறுத்திருப்பது. மனதுக்குள் பத்து எண்ணுங்கள். இந்தப் பத்து எண்ணுவதுதான் முழுப் பயிற்சியிலும் கஷ்டமான பகுதி. அம்மம்மா மூன்றுக்குமேல் எண்ணியதே இல்லை.

காற்சட்டை போடும்போது இதை இரண்டு தரம், குளிக்க இருத்தும்போது ஒரு தரம், சாப்பிட்டு எழும்பும்போது ஒரு தரம். கணக்குப் பார்த்தால் தனிப் பயிற்சி தேவையில்லாமலே போய்விடும்.

ஒரு பக்கக் கையை மட்டும் பாவிக்கிற பிள்ளைக்கு இரண்டு கையும் வேண்டிய வேலை கொடுங்கள்: வெங்காயம் உரிப்பது, பிஸ்கட் பைக்கற்றைப் பிரிப்பது, அம்மம்மாவோடு கீரை ஆய்வது. ஐந்தாம் நிலைப் பிள்ளைக்கு வேலை வேறு மாதிரி. முகம் கழுவும்போது தலையை நிமிர்த்திப் பிடிக்க நேரம் கொடுப்பது, சட்டை போடும்போது கையைத் தானாக நீட்டும்வரை காத்திருப்பது. கண்ணை எந்தச் சட்டைப் பக்கம் திருப்புகிறதோ அதைப் போட்டுவிடுங்கள், அதுவும் அசைவுதான்.

5. தரை, கதிரை, கக்கூசு

வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் மணல், படுவான்கரையில் மாரியில் சேறு. இரண்டும் வோக்கருக்கும் சக்கர நாற்காலிக்கும் சத்துரு. நாங்கள் விறாந்தையிலிருந்து படலை வரை மூன்றடி அகலத்துக்குக் கிரவல் போட்டுத் தண்ணீர் தெளித்து இடித்தோம். ஒரு லாண்ட்மாஸ்டர் (கை டிராக்டர்) லோட், இரண்டு பின்னேர வேலை, அயல் பையன்கள் நாலு பேர், ஒரு கேத்தல் தேத்தண்ணி. அந்த ஒரு பாதை தந்த நடை எந்த வைத்தியமும் தரவில்லை என்று நான் சொன்னால் பிசியோ மிஸ் கோவிக்கமாட்டார். விறாந்தைப் படிக்குப் பக்கத்தில் சாய்தளம் வைத்தால், ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்று கணக்கு. நம்மவர்கள் நாலடியில் முடித்துவிட்டுப் பிள்ளையை உருளவிடுவார்கள்.

பிடித்து நடக்க இரண்டு கமுகந் தடி போதும். பிள்ளையின் இடுப்பு உயரத்துக்குக் குறுக்கே கட்டுங்கள், சிராம்பு போக நன்றாகச் சீவிய பிறகு.

கதிரைக்குப் பெரிய செலவு வேண்டாம். சாதாரண பிளாஸ்டிக் கதிரை பிள்ளைக்குப் பெரிதாக இருக்கும். பழைய சாரத்தைச் சுருட்டி இரண்டு பக்கமும் செருகுங்கள், கால் தொங்காமல் கீழே ஒரு பெட்டி வையுங்கள். இடுப்பு பின்னால் ஒட்டியிருக்க வேண்டும், முழங்காலும் பாதமும் கதிரை மாதிரியே மடிந்திருக்க வேண்டும். அப்படி இருக்கும்போது கை தானாக வேலை செய்யத் தொடங்குவதைப் பார்ப்பீர்கள். விழுந்துவிடுவோம் என்ற பயத்தில்தான் அதுவரை கை இறுகியிருக்கும். சாப்பாடும் இதே இருப்பில். தலை பின்னால் சாய்ந்திருந்தால் சோறு மூச்சுக் குழாய்க்குப் போகும். சாப்பிடும்போது அடிக்கடி இருமல், அடிக்கடி சளிக்காய்ச்சல் என்றால் பேச்சுச் சிகிச்சையாளரிடம் காட்டச் சொல்லிக் கேளுங்கள். விழுங்குவதைப் பார்ப்பதும் அவர்கள்தான்.

கக்கூசு வீட்டுக்கு வெளியே இருந்தால் பிளாஸ்டிக் கதிரையின் நடுவில் வெட்டி, கீழே வாளி. முதலில் வெட்கப்படுவார்கள். பிள்ளை பத்து வயதாகும்போது நன்றி சொல்வார்கள்.

6. காசும் பாதையும்

கிளினிக்குக்குப் போவது இங்கே ஒரு நாள் வேலை. மண்டூரிலிருந்து வருகிறவர் குருமண்வெளிக்குப் பாதை (வாவியைக் கடக்கிற மிதவைப் படகு) ஏறிக் கடந்து பஸ் எடுப்பார். மாரியில் கிரான் பாலத்தில் வெள்ளம் ஏறினால் அங்காலே உள்ளவர்களுக்கு வள்ளம்தான். நாட்கூலி போகும், ஓட்டோவுக்குக் காசு போகும். குழுக் கடன் கட்டுகிற நாளும் கிளினிக் நாளும் ஒன்றாக வந்தால் எது தவறும் என்று நான் சொல்லத் தேவையில்லை. தவறினால் "பெற்றோருக்கு அக்கறை இல்லை" என்று எழுதப்படலாம். அக்கறை இருந்தது, பஸ் காசு இல்லை.

ஆகவே இதை வாய் திறந்து சொல்லுங்கள். பிள்ளை வைத்தியர், பிசியோ, பேச்சுச் சிகிச்சை மூன்றையும் ஒரே நாளில் போடச் சொல்லிக் கேட்கலாம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் முதல் சோதனைகள் முடிந்ததும், தொடர்ந்து பயிற்சிக்குக் கிட்டிய ஆதார வைத்தியசாலையில் காட்டலாமா என்று கேளுங்கள்: களுவாஞ்சிகுடி, வாழைச்சேனை, கல்முனை, அக்கரைப்பற்று என்று உங்களுக்குக் கிட்டியது எதுவோ. அங்கே என்ன சிகிச்சை எந்த நாளில் என்று போன் எடுத்துக் கேட்டுவிட்டுப் போங்கள். மார்கழி, தை மாதத்துக்கு வலிப்பு மருந்தைக் கூடுதலாக எழுதித் தரச் சொல்லுங்கள், வெள்ளத்தில் மருந்து முடிவது விளையாட்டில்லை.

பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைப் பாருங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான மாதாந்தக் கொடுப்பனவு, சக்கர நாற்காலி போன்ற உபகரணங்கள், வீட்டில் கக்கூசு திருத்த உதவி எல்லாவற்றுக்கும் பதிவு அங்கேதான் தொடங்கும். வைத்தியரின் சான்று, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், கிராம சேவகரின் கடிதம் என்று எல்லாவற்றிலும் மும்மூன்று பிரதி எடுத்து ஒரு பைலில் வையுங்கள். எங்களை ஒரு அலுவலகத்தில் ஒரே பிரதிக்காக மூன்று தரம் திருப்பியனுப்பினார்கள். நாலாம் தரம் அத்தான் பைலோடு போனார்.

சக்கர நாற்காலி இலவசமாக வருகிறது என்றதும் பெரியவர்களுக்கானதை வாங்கிவிடாதீர்கள். அகலமான நாற்காலியில் சரிந்து சரிந்து முதுகு வளைந்த பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். அளவெடுத்துத் தரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பக்கத்தில் அடைத்து இறுக்கித் தரச் சொல்லுங்கள். ஸ்பிளின்டும் அப்படித்தான், கால் வளர்ந்தால் அது வளராது. கழற்றி அரை மணி நேரமாகியும் சிவந்த அடையாளம் போகாவிட்டால் திரும்பக் கொண்டுபோங்கள்.

எண்ணெய் தடவலாம், அன்பாகத் தடவினால் பிள்ளைக்கும் சுகம். ஆனால் இறுகிய மூட்டைப் பலமாக இழுத்து "உருவி" எடுப்பவரிடம் விடாதீர்கள். நேர்த்தி வையுங்கள், ஓதிப் பாருங்கள், நூலும் கட்டுங்கள். வலிப்பு மருந்தை மட்டும் நிறுத்தாதீர்கள். "முழுசாகச் சுகமாக்குறம்" என்று லட்சக் கணக்கில் கேட்பவருக்குக் காணியை ஈடு வைக்குமுன் பிள்ளை வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

பாடசாலை பற்றி நிறையச் சொல்லலாம், சுருக்கமாகச் சொல்கிறேன். 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, மாற்றுத்திறனைக் காரணம் காட்டிப் பள்ளியில் சேர்க்க மறுக்க முடியாது. மறுத்தால் வலயக் கல்வி அலுவலகத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பானவரைச் சந்தியுங்கள். நாளுக்கு ஆறு மணி நேரம் நிமிர்ந்து இருப்பதற்கும் மற்றப் பிள்ளைகளோடு முட்டிமோதுவதற்கும் பள்ளியைவிட வேறு இடம் இல்லை.

7. தாயின் முதுகும் தூக்கமும்

பிள்ளையின் நிலை கடினமாகக் கடினமாகத் தாயின் சுமை கூடும். தாய் சோர்ந்தால் பிள்ளை பாயில் கிடக்கிற நேரமும் கூடும். இது இரண்டு பக்கமும் இழுக்கிற கயிறு. அதனால் தாயின் உடம்பையும் பிள்ளையின் சிகிச்சைக் கணக்கில் சேருங்கள்.

தூக்கும்போது இடுப்பால் வளைந்து தூக்க வேண்டாம். முழங்காலை மடித்துக் குந்தி, பிள்ளையை நெஞ்சோடு அணைத்து, காலால் எழும்புங்கள். "தூக்கப் போறேன் மகன், கழுத்தைப் பிடி" என்று சொல்லிவிட்டுத் தூக்குங்கள், பிடிக்கத் தெரிந்த பிள்ளை பாதிப் பாரத்தைத் தானே எடுக்கும்.

கிளினிக்கில் "இவ்வளவும் என்னால செய்ய ஏலாது, ஆக முக்கியமான மூன்றைச் சொல்லுங்க" என்று கேளுங்கள். அக்கா அதைச் சொல்ல மூன்று வருடம் எடுத்தாள். சொன்னபோது யாரும் ஏசவில்லை. பிசியோ பேனாவை எடுத்து ஒன்பதை வெட்டினார்.

வாரத்தில் ஒரு இரவாவது வேறொருவர் பிள்ளையோடு படுக்கட்டும். இரவில் அடிக்கடி இறுகி அழுகிற பிள்ளை என்றால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள், வலி காரணமாக இருக்கலாம். தாய்க்கு வாரக் கணக்கில் பசியில்லை, பேச்சில்லை, எதற்கும் கண்ணீர் என்றால் வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்குப் பேசலாம். தகப்பன்மாருக்கும் இது வரும், அவர்களுக்கு அது பெரும்பாலும் போத்தல் வழியாக வெளியே தெரியும்.

8. தள்ளிப்போடக் கூடாதவை

இடுப்பு மூட்டு விலகுவது ஏறத்தாழ மூன்றில் ஒரு பிள்ளைக்கு வரும், ஐந்தாம் நிலையில் பெரும்பாலானோருக்கு. ஆரம்பத்தில் வலி இருக்காது, எக்ஸ்ரேயில்தான் தெரியும். "இடுப்பு எக்ஸ்ரே எப்போது?" என்று நீங்களே கேளுங்கள். முன்பு செய்ததைப் பிள்ளை இப்போது செய்யவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம், இது சீ.பி.யின் வழக்கம் இல்லை, காரணம் தேட வேண்டும். நிறை கூடாமல் நின்றால், வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினால், அதுவும் அப்படித்தான். பின்னது உடனே வைத்தியசாலை.

9. அடுத்த கிளினிக்குக்குக் கொண்டுபோக வேண்டியவை

கொப்பி. பிறகு போனில் மூன்று சின்ன வீடியோ, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம்: சாப்பிடும் நேரம், குளிக்கும் நேரம், பிள்ளை தனக்குப் பிடித்த ஒன்றை நோக்கிப் போகும் நேரம். வீட்டைத் துப்புரவாக்கிவிட்டு எடுக்க வேண்டாம். மணலும் படியும் காய்கிற உடுப்பும் தெரிய எடுங்கள், பிசியோ பார்க்க வேண்டியது அதைத்தான். நாங்கள் முதன்முதலாகக் காட்டிய வீடியோவில் வோக்கரில் அக்காவின் சேலை காய்ந்துகொண்டிருந்தது. மிஸ் சிரித்தார், பிறகு அகலச் சில்லு வைத்த வோக்கர் ஒன்று தேடித் தந்தார்.

இப்போது ஸ்கூல் வேன் ஆறே முக்காலுக்கு வரும். விறாந்தையிலிருந்து கிரவல் பாதையில் படலைக்கு அவனுக்குப் பதினேழு நிமிடம். அத்தான் ஆறு இருபதுக்கே ஸ்பிளின்டையும் சப்பாத்தையும் போட்டுவிடுவார். நாலு வீட்டு ஆட்களும் வாசலில் நின்று பார்ப்போம், யாரும் தூக்கப் போவதில்லை. மழை நாளில் மட்டும் அம்மம்மா குடையோடு பின்னால் போவார்.